பொன் இலையில் பச்சைக் கோடு

ஏப்ரல் 29

காலை வெப்பம் ஆறு பாகை. வீட்டின் வடக்குப் பக்கம், மேப்பிள் மரத்தின் கீழே, ஹொஸ்டாச் செடிகள் மண்ணைப் பிளந்துகொண்டு முளை நீட்டிவிட்டன. எண்ணினேன். நாற்பத்தொன்று. பனி ஒன்றையும் கொண்டுபோகவில்லை.

நான் போன பிறகு இந்தக் கொப்பியை யாராவது புரட்டினால் விளங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஹொஸ்டாவைப் பூவுக்காக வளர்ப்பதில்லை, இலைக்காக வளர்ப்பது. வெயில் விழாத இடத்தில் வேறெதுவும் வராதபோது இது வரும். என்னிடம் இருப்பதில் முக்கால்வாசி 'கோல்ட் ஸ்டாண்டர்ட்' என்ற இனம். ஸ்காபரோவில் எந்தக் கன்றுக் கடையிலும் கிடைக்கும், ஒன்றும் அபூர்வமில்லை. இலையின் நடுவே பொன் நிறம், ஓரத்தில் பச்சை. சில வருடம் ஒரு கன்றிலிருந்து முழுப் பச்சையாக ஒரு முளை கிளம்பும். அதை உடனே வேரோடு வெட்டி எறிய வேண்டும். விட்டால் பச்சை மற்றதையெல்லாம் விழுங்கிவிடும், இனம் கெட்டுவிடும். நான் விடுவதில்லை.

யோகம் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "உந்தக் கீரையைப் பாத்துக்கொண்டு நிண்டா வயிறு நிறையுமோ? தேத்தண்ணி ஆறுது."

முப்பத்தெட்டு வருடமாக என் மனைவி. என் ஹொஸ்டாவுக்கு அவள் வைத்த பெயர் கீரை.

மே 3

மழை. கராஜ் கூட்டினேன்.

மே 5

ஏழாம் நம்பர்க் கன்றைப் பற்றி எழுதவேண்டும். போன ஜூலையில் அதன் இலைகளில் ஒரு மாற்றம் கண்டேன். ஓரத்துப் பச்சை, ஓரத்தோடு நிற்காமல், நரம்பு வழியே பொன் நிறத்துக்குள் கோடு கோடாக இறங்கியிருந்தது. மட்டமான கடதாசியில் மை ஊறுமே, அப்படி. என்னிடமுள்ள இரண்டு புத்தகங்களிலும் இப்படி ஒரு இலை இல்லை. புதிய இனங்கள் இப்படித்தான் வருகின்றன. ஒரு கன்று ஒருநாள் தானாக மாறும். முதலில் கண்டவன் பெயர் வைத்துப் பதிவு செய்யலாம். படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பெயரும் யோசித்தாயிற்று.

உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். மற்றவன் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

மே 6

வானம் நல்ல மப்பு, வெயில் இல்லை. கன்று பிரிக்கத் தோதான நாள். பழைய பாண் வெட்டும் கத்தியால் ஒன்பது கன்றுகளைப் பிரித்தேன். ஏழாம் நம்பரில்தான் தொடங்கினேன், ஆசை அடக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் வெட்டியபின் கத்தியைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போனேன். பதினொரு மணிக்கு வேலை முடிந்தது.

எங்கள் தோட்டச் சங்கச் செயலாளர் மிஸிஸ் ஹென்ட்ரிக்ஸ் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார், ஒரு கன்றுக்கும் மறு கன்றுக்கும் நடுவே கத்தியைப் பிளீச்சில் முக்குங்கள் என்று. எண்பது வயது மனுஷி, வேறு வேலையில்லை. ஒன்பது கன்றுக்கு ஒன்பது தரம் முக்கிக்கொண்டிருந்தால் நான் எப்போது சாப்பிடுவது?

குனிந்து குனிந்து இடுப்புக்குப் பின்னால் நாரி பிடித்துவிட்டது. யோகம் எண்ணெய் போட்டுவிட்டாள்.

மே 12

ஏழாம் நம்பரில் பிரித்த துண்டு ஒன்றைச் சட்டியில் வைத்திருக்கிறேன். நன்றாக வேர் பிடித்திருக்கிறது. நடுவதற்கான குறிப்பை ஒரு அட்டையில் எழுதினேன். காலை வெயில் மட்டும். வாரம் இரண்டு தரம் தண்ணீர். நத்தை கவனம். அடியில் இன்னும் ஒரு வரி எழுதலாம் என்று பார்த்தேன். சரிவரவில்லை. நான்கு அட்டை வீணாகியது.

மே 13

யோகம் கிச்சினர் நகரத்துக்குப் போனாள். மாதம் ஒரு தரம் போவாள். கோயில் சிநேகிதி ஒருத்திக்கும் அங்கே பிள்ளை இருப்பதால் அவளுடைய காரில் சேர்ந்து போவாள். நான் கொண்டுபோய் விடுவதில்லை, அவள் கேட்பதுமில்லை. காலையிலேயே சட்டியைக் கொண்டுபோய் அந்தக் காரின் பின்சீற்றில் வைத்தேன். ஆருக்கு என்று யோகம் கேட்கவில்லை. சீற் பெல்ற்றை இழுத்துச் சட்டிக்குக் கட்டிவிட்டாள்.

கிச்சினரில் எங்கள் மகள் சிந்துஜா இருக்கிறாள். மூன்று வருடமாக நானும் அவளும் கதைப்பதில்லை.

மே 14

யோகம் திரும்பி வந்தாள். நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வச்சாச்சு," என்றாள்.

"எங்கை?"

"பின்பக்கம், யன்னலுக்குக் கீழை. நிழல்தான்."

"ஆர் வச்சது?"

"மருமோன்."

"உன்ர மருமோன்," என்று திருத்தினேன்.

"ஓம், என்ர மருமோன்தான். நல்லா வச்சவர். நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் கிடங்கு கிண்டினவர்."

சிந்து ஏதும் சொன்னாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பிடித்திருந்தால் அவளே ரெலிபோன் எடுப்பாள்.

மே 21

ரெலிபோன் வரவில்லை. புல் வெட்டினேன்.

மே 28

வரவில்லை.

ஜூன் 3

குசினியில் காலையிலிருந்து வறுவல். மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, திப்பிலி. தும்மித் தும்மி வெளியே ஓடிவந்தேன். பிள்ளைப்பெத்த வீட்டுக்கு இடிக்கிற சரக்கு மணம் இது. ஆருக்கு என்று கேட்டேன்.

"தெரிஞ்ச பிள்ளை ஒண்டுக்கு," என்றாள்.

"ஆர் வீட்டுப் பிள்ளை?"

"உங்களுக்கு எல்லாத்தையும் விசாரிக்க வேணும். போய்க் கீரைக்குத் தண்ணி விடுங்கோ."

கோயிலில் யோகத்துக்குத் தெரிந்த பிள்ளைகள் நூறு பேர். விட்டுவிட்டேன்.

ஜூன் 4

விசாரிப்பு என்று அவள் குத்தினதால் எழுதுகிறேன்.

சிந்து விரும்பின பொடியனின் பெயர் கஜீபன். மின்சார வேலை. படித்தவன், குடி கிடையாது, நிமிர்ந்து பார்த்துக் கதைப்பான். எல்லாம் சரி. நான் ஊரில் ஆள் வைத்து விசாரித்தேன். தகப்பன் ஆர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி. பதில் வந்தது. வேண்டாம் என்றேன்.

"கனடாவிலை இருந்துகொண்டு சாதி பாக்கிறவை இன்னும் இருக்கினமோ அப்பா?" என்று சிந்து கேட்டாள். பார்க்கிறவன் உன்ர கொப்பன் என்றேன். அவள் அழவில்லை. அறைக்குள் போய் உடுப்பு அடுக்கினாள்.

கலியாணத்தன்று யோகம் தனியே போனாள். நான் புல் வெட்டினேன். இரண்டு தரம் வெட்டினேன்.

நான் செய்தது சரியா பிழையா என்று எழுத இந்தக் கொப்பி இல்லை. இது தோட்டத்துக்கான கொப்பி.

ஜூன் 11

பச்சையாக முளைத்த இலைகள் பொன் நிறத்துக்குத் திரும்பிவிட்டன. ஏழாம் நம்பர் போன வருடத்தைவிட அருமை. கோடுகள் நடுநரம்புவரை போயிருக்கின்றன. அது மட்டுமல்ல, நாலாம், ஆறாம், பதினோராம் நம்பர்களிலும் அதே கோடு தொடங்கியிருக்கிறது! ஒரு தோட்டத்தில் நான்கு கன்று ஒரே விதமாக மாறுவது எங்கே நடக்கும்? இது என் மண்ணின் குணமாக இருக்கவேண்டும்.

படிவம் நிரப்பினேன். கண்டுபிடித்தவர்: த. குலசிங்கம், ஸ்காபரோ. இனத்தின் பெயர்: சிந்துஜா.

பதிவானதும் அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து அவளுக்கு அனுப்புவேன். ஒன்றும் எழுதத் தேவையில்லை. பெயரைப் பார்த்தால் விளங்கிக்கொள்வாள்.

ஜூன் 17

சங்கத்தின் இலைக் கண்காட்சி. ஏழாம் நம்பரின் மூன்று இலைகளைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்துக் கொண்டுபோனேன். நீலச் சேட் போட்டேன். யோகம் என்னை மேலும் கீழும் பார்த்து, "பொம்பிளை பாக்கப் போறியளோ?" என்றாள்.

மண்டபத்தில் ஐந்தாறு பேர் சுற்றி நின்று வியந்தார்கள். பிறகு மிஸிஸ் ஹென்ட்ரிக்ஸ் வந்தார். குனிந்து பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், தணிந்த குரலில் சொன்னார். இது புதிய இனம் இல்லை, வைரஸ். ஹொஸ்டாவுக்கே உரிய நோய். பல வருடங்களுக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களும் இந்தக் கோட்டைப் பார்த்து ஏமாந்து பெயர் வைத்து விற்றிருக்கிறார்களாம். சாற்றில் பரவும், வெட்டுகிற கத்தியில் பரவும், மருந்து கிடையாது என்றார். அந்தப் போத்தலை மற்ற இலைகளுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

நான் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"பரிசு கிடைக்கேல்லையோ?" என்று யோகம் கேட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

ஜூன் 18

கிழவிக்கு எரிச்சல். முப்பது வருடம் சங்கம் நடத்தி ஒரு இனம்கூட அவருடைய பெயரில் இல்லை. நேற்று வந்த ஒரு யாழ்ப்பாணத்தான் கண்டுபிடித்துவிட்டான், பொறுக்குமா?

இருந்தாலும் வைரஸைச் சோதிக்கிற கடதாசிப் பட்டிகளுக்கு எழுதிப் போட்டேன். அவருடைய வாயை அடைக்கத்தான்.

ஜூன் 26

பட்டிகள் வந்தன. மொத்தம் பத்து. இலைத் துண்டைச் சாறாக்கிப் பட்டியை அதில் முக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் சுகம், இரண்டு கோடு வந்தால் நோய்.

ஏழாம் நம்பர்: இரண்டு.
நம்பாமல் இன்னொரு இலை: இரண்டு.
நாலு, ஆறு, பதினொன்று: இரண்டு.
நான் ஒருபோதும் பிரிக்காத முப்பதாம், முப்பத்திரண்டாம் நம்பர்கள்: ஒன்று.
மே 6 அன்று ஏழுக்குப் பிறகு வெட்டியதில் வேறு மூன்று: இரண்டு, இரண்டு, இரண்டு.

கத்தி போன வழியெல்லாம் நோய் போயிருக்கிறது.

ஜூன் 27

மழை. ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 28

யோகத்திடம் சொன்னேன்.

"அதுக்கேன் இப்பிடி முகத்தைத் தொங்கப்போடுறியள்? கிண்டி எறிஞ்சா முடிஞ்சுது."

"சிந்துவுக்குக் குடுத்ததும் ஏழாம் நம்பர்தான்."

யோகம் காய் வெட்டுவதை நிறுத்தினாள். அங்கே வேலியோரம் முழுக்க ஹொஸ்டாதானாம். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி ஆசையாகக் கொடுத்து, இரண்டுபேருமாக வரிசையாக வைத்திருக்கிறார்களாம். ஒரு கத்தரிக்கோல் இதிலிருந்து அதற்குப் போனால் காணும், எல்லாம் போய்விடும்.

"நீ எடுத்துச் சொல்லு," என்றேன்.

"நான் சொல்ல மாட்டன்."

"யோகம், விளையாடாதை."

"மூண்டு வருசமா ரெண்டுபேருக்கும் நடுவிலை தபால்காரி வேலை பாத்தது காணும். கண்டு குடுத்தது நீங்கள். நோயைக் குடுத்ததும் நீங்கள். நீங்களே சொல்லுங்கோ."

என்ன பிடிவாதம்! கத்திப் பார்த்தேன். அவள் வெண்டிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 1

கனடா தினம். நோய்க் கன்றுகளைக் கிண்டத் தொடங்கினேன். நான் எந்த வருடமாவது கத்தி வைத்தது எல்லாவற்றையும் கிண்டுவதென்று முடிவு செய்தேன். இருபத்தாறு வரும். வேர் ஒரு துண்டுகூட மண்ணில் மிஞ்சக் கூடாது, அரித்து அரித்துப் பார்க்க வேண்டும். உரக் குவியலிலும் போடக் கூடாது. கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பவேண்டும்.

ஜூலை 2

பதினேழு முடிந்தது. ரெலிபோனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 3

இருபத்தாறும் முடிந்தது. மேப்பிள் மரத்தின் கீழே பெரும்பகுதி வெறும் மண். பதிவுப் படிவத்தைக் கிழித்தேன்.

புதிய இனமாக இருந்திருந்தால் சிந்துவுக்கு ரெலிபோன் எடுத்திருப்பேன். நல்ல செய்தி சொல்ல எவனுக்கும் வாய் வரும். மூன்று வருடம் கழித்து எடுத்து, நான் தந்தது நோய், பிடுங்கி எறி என்று எப்படிச் சொல்வது? கதவை அடித்துச் சாத்துகிற மாதிரி அவள் ரெலிபோனை வைத்தால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வழியும் இல்லை. பயமாக இருக்கிறது. எழுதியாயிற்று.

ஜூலை 5

காலை பத்தரைக்கு ரெலிபோன் எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே சிந்து எடுத்துவிட்டாள்.

"அப்பா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன். சுகமா என்று கேட்காமல் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டேன். "சிந்து, நான் தந்த கண்டுக்கு வருத்தம். வைரஸ். உடனை கிண்டி எடுக்க வேணும். வேர் ஒண்டும் மிஞ்சக் கூடாது. மற்ற ஹொஸ்டாவிலை முட்டக் கூடாது."

அவளை இடையில் பேச விடாமல் நானே தொடர்ந்தேன்.

"என்ர பிழைதான். கத்தியைக் கழுவாமல் எல்லாத்திலையும் வச்சிட்டன். கழுவச் சொன்னவை. நான் கேக்கேல்லை."

"நீங்கள் ஆர் சொல்லித்தான் கேட்டனீங்கள்?" என்றாள். கோபமாகச் சொன்னாளா, சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இண்டைக்கே கிண்டு பிள்ளை. நல்ல ஆழமாக் கிண்ட வேணும்."

"எனக்குக் குனியக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

"ஏன்? நாரியோ?"

"இல்லை அப்பா. எட்டு மாசம்."

குசினி வாசலில் யோகம் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. சரக்கு மணத்தை மூக்குக்குள் வாங்கி வாங்கித் தும்மிய மடையன் நான். சிந்து எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நான் கேட்காத மனுஷன்.

"அப்ப அவர்... கஜீபன் கிண்டட்டும்," என்றேன். அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம்.

"அவருக்கு உந்த வேர் விஷயமெல்லாம் தெரியாது. பிழையாக் கிண்டினா எல்லாத்துக்கும் பரவுமெண்டு நீங்கள்தானே சொல்லுறியள். நீங்கள்தான் வந்து கிண்ட வேணும்."

சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

ஜூலை 6

மண்வெட்டியையும் கத்தியையும் பிளீச்சில் ஊறவைத்துத் தேய்த்தேன். கையுறை புதிதாக இரண்டு சோடி.

ஜூலை 8

எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம். யோகத்தின் மடியில் ஒரு சரக்குப் போத்தல், இன்னொரு பையில் என்னென்னவோ. கிச்சினரில் அந்த வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். "நீங்கள் இறங்காட்டி நான் இறங்கி நடக்கிறன்," என்றாள்.

கஜீபன் கதவைத் திறந்தார். "வாங்கோ மாமா," என்றார். பின்னால் சிந்து நின்றாள். முகம் ஊதி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கிட்டப் போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. "கண்டு எங்கை?" என்று கேட்டேன். ஒரு தகப்பன் கேட்கிற கேள்வியா இது?

வீட்டைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். யன்னலுக்குக் கீழே நின்றது. என் தோட்டத்தில் நின்றதைவிடச் செழிப்பு. பொன் நிறமும் கோடுகளும் அப்படியே, ஒரு இலையில்கூட நத்தைக் கடி இல்லை. மண்வெட்டியை அரை அடி தள்ளி வைத்து மிதித்தேன். ணங் என்றது. கல்லாக்கும் என்று மறுபக்கம் மிதித்தேன். அங்கேயும் ணங். முழங்காலில் இருந்து கையால் மண்ணை விலக்கினேன். தகர வாளி ஒன்றின் விளிம்பு. கன்று வாளிக்குள் இருந்தது. வாளி மண்ணுக்குள் இருந்தது. கைபிடியைப் பிடித்துத் தூக்கினால் ஒரு வேர் சிந்தாமல் முழுதும் வந்துவிடும்.

"இதை ஆர் வாளிக்குள்ளை வச்சது?"

கஜீபன் தயங்கினார். "நான்தான் மாமா. போன மாசம் இலை மஞ்சளாகேக்கை கோட்டைப் பாத்திட்டு இன்ரநெற்றிலை தேடிப் பாத்தனான். வைரஸ் எண்டு போட்டிருந்தது. அப்பவே கிண்டி வாளிக்குள்ளை வச்சுத் தாட்டிட்டன். மற்றதுகளுக்குப் போகாது."

"பின்னை ஏன் எறியேல்லை?"

"எறிய வேண்டாமெண்டு சிந்து சொன்னவ. அப்பா தந்ததெண்டு."

நான் மகளைப் பார்த்தேன். "ஒரு கையாலை தூக்கிற வாளி. இதுக்கு ஏன் பிள்ளை என்னை இவ்வளவு தூரம் கிண்ட வரச் சொன்னனீ?"

"வேறை என்னத்தைச் சொன்னா நீங்கள் இந்த வீட்டுக்கு வந்திருப்பீங்கள்?"

நான் திரும்ப மண்வெட்டியை எடுத்தேன். வாளியைச் சுற்றிக் கிண்டினேன். அங்கே கிண்டுவதற்கு ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிமிர்ந்தால் என் முகம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அழுகிறேன் என்று மூக்குத் தண்ணீர் மண்ணில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. யோகம் கூடத் தடுக்கவில்லை. எவ்வளவு நேரம் கிண்டினேனோ தெரியாது, முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வந்துவிட்டது.

கஜீபன் வந்து பிடியில் என் கைக்குப் பக்கத்தில் கை வைத்தார்.

"தம்பி," என்றேன். "உம்மை நான் விசாரிச்சது பிழை. முழுக்கப் பிழை."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. மண்வெட்டியை மெல்ல என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினார்.

"காணும் மாமா. உள்ளை வாங்கோ, சோறு ஆறுது."

போனேன்.